தப்பாக வரைந்த கடிகாரம்

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். “ஒரு வட்டம் போடுங்க. அதைக் கடிகாரமா நெனச்சு உள்ளே நம்பர் எழுதுங்க. மணி பதினொன்னு பத்துன்னு முள்ளு வரைங்க.” நரம்பு உளவியலாளர் நோயாளியிடம் கேட்பது இவ்வளவுதான். மணி பார்க்கக் கற்றுக்கொண்ட பள்ளிப் பிள்ளை சட்டென்று முடித்துவிடும் வேலை. மூளை பாதிக்கப்பட்டவர்கள் பலர் இதில் தடுமாறுவார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுவதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று பேர் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். முதலாமவர் பக்கவாதம் வந்து தேறிவருபவர். வட்டத்தை நன்றாகவே போடுகிறார். 12, 1, 2 என்று தொடங்கி 6 வரை இறங்குகிறார். அடுத்து இடப்பக்கம் ஏற வேண்டும்; ஏறவில்லை. 7, 8, 9 என்று மிச்சமுள்ள எண்களும் வலப்பக்கத்திலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. இடது பாதி காலி. “சரியா இருக்கா?” என்று கேட்டால் தாளைப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு” என்கிறார்.

இரண்டாமவருக்கு மறதி தொடங்கியிருக்கிறது. எண்கள் பன்னிரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒரு முள்ளை 11க்கு நேராக இழுக்கிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு முள்ளை 10க்கு நேராக இழுக்கிறார். “பதினொன்னு, பத்து. சொன்ன மாதிரியே போட்டுட்டேன்.” மூன்றாமவர் எல்லாவற்றையும் சரியாக வரைகிறார். ஆனால் எழுதும்போதே எழுத்து சிறுத்துக்கொண்டு போகிறது. 1 ஓரளவு தெரிகிறது. 11க்கு வருவதற்குள் கடுகளவாகிவிட்டது. முடிக்க நெடுநேரம் பிடிக்கிறது.

மதிப்பெண் போட்டுக் கூட்டினால் முதல் இருவரும் தோல்வி, மூன்றாமவர் தேர்ச்சி. அந்தக் கூட்டுத்தொகையால் மருத்துவருக்குப் பயன் குறைவு. முதலாமவருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே கவனத்தில் இல்லை. கோளாறு வலது மூளையின் உச்சி மடலை ஒட்டி இருக்கலாம். இரண்டாமவரின் காதில் விழுந்த ‘பத்து’ என்ற சொல், கையை 10 என்ற எண்ணுக்கே இழுத்துவிட்டது. நிமிட முள் 2க்குப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த இழுப்பை அடக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன் மடலின் பொறுப்பு. பதினொன்று பத்து என்ற நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கண்ணிக்காகத்தான். மூன்றாமவரின் சிறுத்த எழுத்து பார்க்கின்சன் நோயின் பழகிய அடையாளம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய நரம்பு உளவியலாளர் ஈடித் காப்ளான் தம் மாணவர்களுக்கு வலியுறுத்தியது இதைத்தான்: விடை சரியா தப்பா என்று குறித்துக்கொண்டு போய்விடாதீர்கள், எப்படித் தப்பு செய்தார் என்று எழுதுங்கள். நரம்பு உளவியல் என்ற துறையின் அடிப்படையை ஒரு வரியில் சொல்வதானால் இதுவே போதும். தவறுக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்துக்கு மூளையில் ஓர் இடம் உண்டு. ஏன் அப்படி என்பதற்கு நரம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நரம்பில் ஓடுவது என்ன?

நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று 19ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர் யோஹன்னஸ் முல்லர் நினைத்தார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அதை அளந்துவிட்டார். தவளையின் கால் தசையோடு சேர்ந்த நரம்பை எடுத்து, தசைக்கு அருகில் ஒருமுறையும் தள்ளி ஒருமுறையும் மின்சாரத்தால் தூண்டினார். தூரத்தில் தூண்டியபோது தசை சுருங்கச் சற்றுத் தாமதமானது. அந்தத் தாமதத்திலிருந்து வந்த கணக்கு: விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர்கூட இல்லை. நினைத்த கணமே நடக்கிறது என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் உண்மையில் நேரம் பிடிக்கும் வேலைகள் என்பது அன்று தெரிந்தது.

அந்தச் செய்தி எதனால் ஆனது என்பதைத் துல்லியமாகச் சொன்னவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு உடலியல் அறிஞர்கள். கணவாய் மீனின் உடலில் ஒரு மில்லிமீட்டர்வரை தடித்த நரம்பு இழை ஒன்று உண்டு. அதற்குள் மெல்லிய மின்முனையைச் செருகி ஆராய்ந்து 1952இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. சும்மா இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். தூண்டுதல் ஓர் எல்லையைத் தாண்டியதும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, உட்புறம் நேர்மின்னாகிறது. உடனே பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன. எல்லாம் ஓரிரு மில்லிவிநாடிக்குள். ஓரிடத்தில் எழுந்த துடிப்பு அடுத்த இடத்தைத் தூண்ட, இழை நெடுகச் செய்தி ஓடுகிறது.

பாதித் துடிப்பு என்று ஒன்று கிடையாது. எழுந்தால் முழுதாக எழும், இல்லையென்றால் இல்லை. வெளியேற்ற வேண்டிய சோடியத்தை வெளியேற்றிச் சமநிலையைக் காப்பதற்கு ஓயாமல் சக்தி செலவாகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதும் உடல் எரிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இதற்காகத்தான். சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாததால், ரத்தக் குழாய் அடைத்தால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாகத் தொடங்கும். பக்கவாதத்தில் நேரம் பார்த்து ஓட வேண்டியிருப்பதன் காரணம் இது.

நரம்பு இழைகள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உறை இருந்தால் வேகம் விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இந்த உறை ஆங்காங்கே அழிகிறது. அந்த நோயாளிகள் பலருக்கு விடை தெரியும், வருவதற்குத்தான் நேரமாகும். நேரம் வைத்துப் பார்க்கும் சோதனையில் தோற்று, நேரம் வைக்காத சோதனையில் தேறுவார்கள்.

ஒரு செல்லின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் சினாப்ஸ் என்ற நுண்ணிய இடைவெளி. அங்கே பெரும்பாலும் வேதிப்பொருள்தான் செய்தியைக் கடத்துகிறது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இதை நிரூபித்தார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாமலே அதுவும் மெதுவானது. திரவத்தில் கலந்திருந்த அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோயில், மூளையில் இந்த அசிட்டைல்கோலினைச் சுரக்கும் செல்கள் மடிகின்றன. மருத்துவர்கள் எழுதித்தரும் டோனெபெசில், எஞ்சியிருக்கும் அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கிறது, நோயை நிறுத்துவதில்லை. பார்க்கின்சன் நோயில் குறைவது டோபமைன். அசைவின் அளவைத் தீர்மானிக்கும் சுற்றுகளுக்கு அது போதாமல் போவதால்தான் மூன்றாமவரின் எழுத்து கடுகளவானது.

மனித மூளையில் நியூரான்கள் எனப்படும் நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பார்வையைச் சுமக்கும் நியூரானிலும் பேச்சைச் சுமக்கும் நியூரானிலும் ஓடும் துடிப்பு ஒன்றேதான். ஒன்று பார்வையாகவும் மற்றொன்று பேச்சாகவும் ஆவதற்குக் காரணம் எது எதோடு இணைந்திருக்கிறது என்பதே. அதனால் எந்த இணைப்பு அறுந்தது என்பதைப் பொறுத்துத் தவறின் வடிவம் மாறுகிறது.

இரண்டு நோயாளிகள் வேண்டும்

சேதமான இடத்தைப் பொறுத்துத் தவறு மாறும் என்பது முதலில் அழுத்தமாகத் தெரிந்தது பேச்சில். பாரீஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் 21 ஆண்டுகள் இருந்தார். என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ‘டான், டான்’ மட்டுமே. சொல்வது புரியும்; கையசைத்தும் குரலை ஏற்றி இறக்கியும் பதில் சொல்வார். 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் பால் புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன் மடலில் பெரிய சிதைவு. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற இளம் மருத்துவர் வேறு விதமான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் தங்குதடையின்றிப் பேசினார்கள்; ஆனால் பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேச்சும் புரியவில்லை. அவர்களுக்குச் சேதம் இடது பொட்டு மடலின் பின்பகுதியில்.

ஒரு நோயாளி போதாதா? போதாது. லெபோர்னுக்குப் புரிந்தது, பேச வரவில்லை. பேசுவது புரிந்துகொள்வதைவிடக் கடினம், அதனால் மூளை பலவீனமானதும் கடினமான வேலை முதலில் போய்விட்டது என்று ஒருவர் வாதிடலாம். எதிர்மாறான நோயாளி ஒருவர் வந்து நின்ற பிறகுதான் அந்த வாதம் விழுகிறது. ஒருவருக்கு அ போய் ஆ நிற்கிறது. இன்னொருவருக்கு ஆ போய் அ நிற்கிறது. அப்படியானால் அவை தனித்தனி ஏற்பாடுகள். இதற்கு ‘இரட்டைப் பிரிகை’ என்று பெயர். உளவியலாளர் ஹான்ஸ்-லூகாஸ் டாய்பர் 1955இல் இந்தத் தர்க்கத்தைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார். ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில் மனத்தின் மூட்டுகளைக் கண்டறிய உதவியது இந்த எளிய தர்க்கம்தான்.

முதல் கடிகாரத்துக்கு வருவோம். அவருடைய கண்ணில் கோளாறு இல்லையா? இடப்பக்கம் தெரியவில்லை என்றால் தலையைத் திருப்பிப் பார்க்கலாமே? 1978இல் இத்தாலியின் பிசியாக்கும் லுட்சாட்டியும் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. மிலான் நகரின் பேராலயச் சதுக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். வலது மூளை பாதிக்கப்பட்ட இரு நோயாளிகளிடம், சதுக்கத்தின் ஒரு முனையில் பேராலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்து, தெரிவதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கத்துக் கட்டடங்களையே சொன்னார்கள். அடுத்து, பேராலயத்தின் வாசலிலிருந்து இந்தப் பக்கம் பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இப்போது சற்றுமுன் சொல்லாமல் விட்ட கட்டடங்கள் வந்தன, சொன்னவை மறைந்தன. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. நினைவும் அழியவில்லை. நினைவில் விரியும் காட்சியின் இடது பாதிக்குக் கவனம் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டின் இடப்பக்கம் அப்படியே மிஞ்சியிருப்பதும், இடது கன்னத்தைச் சவரம் செய்யாமல் விடுவதும் இதே கோளாறுதான். ‘வேணும்னே செய்றார்’ என்று வீட்டில் சலித்துக்கொள்ளும் முன் இதை அறிந்திருப்பது நல்லது.

நினைவு ஒன்றல்ல

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் இருபுறத்துப் பொட்டு மடல்களின் உட்பகுதியை, அங்குள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பாகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் மொலைசனின் நினைவில் தங்கவில்லை. எச்.எம். என்ற தலைப்பெழுத்துகளால் உலகம் அறிந்த அவரை மாண்ட்ரியாலிலிருந்து வந்து ஆராய்ந்தவர் உளவியலாளர் பிரெண்டா மில்னர். அறிவுத்திறன் சோதனையில் மொலைசன் 112 எடுத்தார், சராசரிக்கு மேல். எண்களைச் சொன்னால் உடனே திருப்பிச் சொல்வார். கவனம் கலைந்ததும், எண் மட்டுமல்ல, எண் சொல்லப்பட்டதே மறந்துபோகும்.

மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும்; ஆனால் தாளை நேரே பார்க்கக் கூடாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வரைய வேண்டும். முதலில் யாருக்கும் கை எதிர்ப்பக்கம்தான் போகும். மொலைசனுக்கும் போனது. மூன்று நாள் பயிற்சியில் தவறுகள் மளமளவென்று குறைந்தன. மூன்றாம் நாள் கை நேர்த்தியாக ஓடியது. ஆனால் இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. நடந்ததை நினைவில் வைப்பது ஓர் ஏற்பாடு. கை பழகுவது இன்னோர் ஏற்பாடு. முதலாவதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும், இரண்டாவதற்கு வேண்டாம். 2008இல் தம் 82ஆம் வயதில் இறக்கும்வரை மொலைசன் ஆய்வுக்கு ஒத்துழைத்தார்.

சோதனை அறையில்

இன்று ஒருவரை நரம்பு உளவியல் மதிப்பீட்டுக்கு அனுப்பினால் சில மணிநேரம் ஆகும். முதலில் பேச்சு: எப்போது தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா, என்ன படிப்பு, என்ன வேலை, எந்தக் கை, காது கேட்கிறதா, தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை. கூட வந்தவரிடம் தனியாகவும் கேட்பார்கள். நோயாளிக்கே தெரியாத குறையை மனைவியோ மகளோ பல மாதங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்.

பிறகு சோதனைகள். பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டி, நினைவிருப்பதைச் சொல்லச் சொல்வார்கள். அதே பட்டியல் ஐந்து முறை. இருபது முப்பது நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டு மறுபடி கேட்பார்கள். கடைசியில், “இந்தச் சொல் பட்டியலில் இருந்ததா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மனச்சோர்வில் இருப்பவர் தானாகச் சொல்லும்போது சிலவற்றையே சொன்னாலும், கேட்டால் பெரும்பாலும் சரியாக அடையாளம் காண்பார்; சொற்கள் உள்ளே இருக்கின்றன, எடுத்து வரத்தான் தெம்பில்லை. அல்சைமர் நோயாளிக்கு அடையாளமும் தெரியாது. பட்டியலில் இல்லாத சொல்லைக்கூட இருந்தது என்பார். சொற்கள் உள்ளே போய்ச் சேரவே இல்லை. ‘எனக்கு ஞாபக மறதி’ என்று வரும் இருவரில், ஒருவருக்குச் சோர்வு தீர்ந்தால் மறதியும் விலகக்கூடும். இன்னொருவருக்கு வேறு ஏற்பாடுகள் தேவை.

முன் மடலைச் சோதிக்கப் பழைய உத்தி ஒன்று. 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது. சிவப்பு மையில் ‘பச்சை’ என்று அச்சிட்டிருக்கும். மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த எவருக்கும் நாக்கில் ‘பச்சை’தான் முந்திக்கொண்டு வரும். அதை அடக்கிச் ‘சிவப்பு’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்பதே அளவு. இன்னொன்று விஸ்கான்சின் சீட்டுச் சோதனை. சீட்டுகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் விதியை மாற்றி வடிவம் பார்த்து அடுக்க வேண்டியதாக்குவார்கள். முன் மடல் பாதிக்கப்பட்டவர்களில் சிலர், ‘தப்பு’ என்று ஒவ்வொரு முறை சொன்னாலும் பழைய விதிப்படியே வைத்துக்கொண்டு போவார்கள். அன்றாட வாழ்க்கையில் இதுவே, பேச்சும் அறிவும் நன்றாக இருந்தும் ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கத் தெரியாத நிலையாகத் தெரியும். பைக்கில் போய்த் தலையில் அடிபட்டவரின் ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தபின்னும் அவரால் பழைய வேலையைப் பார்க்க முடியாமல் போவதுண்டு. அந்தக் குறையை எடுத்துக்காட்ட இத்தகைய சோதனைகளே உதவும்.

ஒரு சோதனையை ஓரிடத்தில் உருவாக்கி இன்னோரிடத்தில் அப்படியே பயன்படுத்த முடியாது. உலகெங்கும் பரவிய எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் வந்தது. அதில் ஆங்கிலச் சொல் ஒன்றின் எழுத்துகளைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். ‘கண்ணை மூடு’ என்று எழுதியிருப்பதைப் படித்து அப்படிச் செய்ய வேண்டும். பள்ளிக்கே போகாத பாட்டி இதில் தோற்றால் அது மறதி நோயா? ஹரியானாவின் பல்லப்கர் கிராமப்புறத்துக்காக உருவான இந்தி வடிவத்தில், கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். படிப்பதற்குப் பதிலாக, “நான் செய்ற மாதிரியே செய்யுங்க” என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வயது, பாலினம், கல்வி மூன்றையும் கணக்கில் எடுத்த சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருந்தபோதிலும், ஆய்வில் 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான் அவர்களைப் பற்றியது என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட ‘10/66’ ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் பணிசெய்தது. படிக்காதவரை நோயாளி என்று தவறாக முத்திரை குத்தாமல் இருக்க, நோயாளியின் விடைகளோடு உறவினர் சொல்வதையும் சேர்த்து எடைபோடும் முறையை அந்தக் குழு 2003இல் முன்வைத்தது.

தெரிந்துகொண்டு என்ன செய்வது?

போன செல்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. எது போயிற்று என்பதைவிட எது நிற்கிறது என்ற குறிப்பே வீட்டாருக்கு அதிகம் பயன்படும். மொலைசனிடம் கை பழகும் திறன் நின்றது. நினைவிழந்தவர்களுக்குக் கற்பிக்கும்போது அந்த வழியையே பயன்படுத்தலாம் என்று நினைக்கலாம்; அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1994இல் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் அதைக் காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான மறதி உள்ளவர்களுக்கு இரண்டு விதமாகச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒன்றில் முதல் இரண்டு எழுத்தைச் சொல்லி, என்ன சொல் என்று ஊகிக்க விட்டார்கள். தவறாக ஊகித்த பிறகு சரியானதைச் சொன்னார்கள். மற்றதில் ஊகிக்கவே விடாமல் சொல்லை முதலிலேயே சொல்லி எழுத வைத்தார்கள். இரண்டாவது முறையில் அதிகம் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் இது: நமக்கு ஒரு விடை தப்பு என்று தெரிந்தால், ‘அது தப்பு’ என்பதும் நினைவில் இருக்கும், அடுத்த முறை திருத்திக்கொள்வோம். நடந்ததை நினைவில் வைக்கும் ஏற்பாடு பழுதானவருக்கு, தப்பு என்று சொன்னது தங்குவதில்லை. ஆனால் வாய் ஒருமுறை சொல்லிவிட்ட தப்பான விடை பழக்கமாகத் தங்கிவிடுகிறது. அடுத்த முறையும் அதுவே முந்திக்கொண்டு வரும். சோதிப்பவருக்குத் துப்பாக அமையும் அதே தவறு, கற்பவருக்கு முட்டுக்கட்டையாகிவிடுகிறது.

மறதி உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் விருந்தாளி வந்ததும் நடக்கும் ஒரு காட்சி நமக்குப் பழக்கமானது. “தாத்தா, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்?” என்று சுற்றி நின்று கேட்பார்கள். அவர் தடுமாறி ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், அல்லது வருத்தப்படுவார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அவருக்கு அது சோதனை, பயிற்சி அல்ல. அதை விட்டுவிட்டு, வந்தவரே முன்னால் போய், “தாத்தா, நான் உங்க ரெண்டாவது பொண்ணு மகன், மதுரையில இருந்து வந்திருக்கேன்” என்று சொல்லலாம். மாத்திரை டப்பா எங்கே என்று கேட்காமல், அது இருக்கும் இடத்துக்கு அவரையே நடத்திப்போய் எடுக்க வைக்கலாம். தினமும் அதே இடம், அதே நேரம். கேள்வி கேட்பதைச் சோதனை அறைக்கு விட்டுவிடலாம். அங்கே தவறுக்குப் பயன் இருக்கிறது, வீட்டில் இல்லை.